இரண்டு வரிசைக்கும் ஒரே பச்சை

எனக்கு இந்த ஆவணியோடு எண்பத்திரண்டு முடிகிறது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். பெற்றது நாலுதான், மற்ற இரண்டும் அஞ்சலை பெற்றவை. அஞ்சலையைக் கேட்டால் அவளும் ஆறு வளர்த்ததாகத்தான் சொல்லுவாள். அவள் பெற்றது இரண்டே இரண்டு. இந்தக் கணக்கில் எங்களுக்குள் வெகுகாலமாக வழக்கு நடக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டும் கரட்டுக் குன்றில் நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். கல் கொத்துகிறவளாக ஏறினேன், பெண்கள் மேஸ்திரியாக இறங்கினேன். அங்கே இப்போது வேலை செய்யும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்து, சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என்ன எழுதுவது என்று கேட்டேன். சங்கத்துக்குத் தேர்தல் வருகிறதாம். மேற்கு ஊர்க்காரர் ஒரு பக்கம், கிழக்கு ஊர்க்காரர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிறார்களாம். வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசிவிட்டுப் போனாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங்க பாட்டி சிரிக்கறீங்க?” என்றாள் ஒருத்தி.

“அந்த ஆளு கையில குடை இருந்துச்சா கண்ணு?”

அவள் விழித்தாள். அவளுக்கு விளங்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம், மறுநாள் கைக்கு ஓய்வு. எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்துகிறாள். சொல்லை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் எடப்பாடிக்கு மேற்கே. எனக்குக் கல்யாணமான புதிதில் மேட்டூரில் அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மாரப்பன் அங்கே கடப்பாரை பிடித்தார். கட்டி முடித்ததும் அத்தனை ஆட்களையும் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பினால் மழை இல்லை, காட்டில் கள்ளிதான் பச்சையாக இருந்தது. வெள்ளைக்கல் கரட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தோம். எங்களைப் போல மேட்டூரில் வேலை முடிந்து வந்தவர்கள் அங்கே பாதிப் பேர் இருந்தார்கள்.

முதல் வருஷம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கையில் கொப்புளம் வந்தது, உடைந்தது, காய்த்தது. அதற்குப் பிறகு கை கையாக இல்லை, சுத்தியாக ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஆண்கள் குழியில் வெடி வைத்துப் பாறையை உடைப்பார்கள். வெள்ளைக்கல் தனியாக வராது. பழுப்பும் பச்சையுமான வேண்டாத கல்லைக் கட்டிக்கொண்டுதான் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சின்னச் சுத்தியால் அந்த வேண்டாததைத் தட்டி உதிர்க்க வேண்டும். பலமாக அடித்தால் நல்ல கல் தூளாகும். மெதுவாக அடித்தால் பொழுது போய்விடும். நல்ல கல்லின் உடைந்த முகம் சங்கின் உட்புறம் போல இருக்கும். துருப்பிடித்த ரேகை ஒன்று ஓடினாலும் கல்லைச் சுடும் சூளைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். என் கை பட்ட கூடை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன், அடக்கத்துக்காக அல்ல.

கொத்திய கல்லை மூங்கில் கூடையில் நிரப்பி, தலையில் சும்மாடு வைத்து, சரிவில் ஏறி, மேலே தண்டவாளத்து ஓரமாக அம்பாரம் போட வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. நிரம்பிய கூடையை எப்பேர்ப்பட்டவளும் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே ஒருத்தி நின்று பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடும்போது இரண்டு முகமும் ஒரு சாண் நெருக்கத்தில் வரும். இவள் மூச்சு அவள் மேல் படும். அதனால் பெண்ணுக்குப் பெண்தான் தூக்கிவிடுவது வழக்கம். புருஷனோ கூடப் பிறந்தவனோ தவிர வேறு ஆண் கை வைக்க மாட்டான். காலையில் முதல் கூடையை யார் தூக்கிவிட்டாளோ அவள்தான் பொழுது சாயும்வரை சோடி. நடுவில் மாற்றக்கூடாது.

யாருக்கு யார் சோடி என்பதை மேஸ்திரி சடையப்பன் சொல்லுவார். அவரும் மேட்டூர் கட்டு வேலையில் இருந்து வந்தவர். ஒல்லியான ஆள், பெரிய தலைப்பாகை. வந்த புதிதில் அது சிவப்புத் தலைப்பாகை என்பார்கள். நாங்கள் பார்க்கும்போது கல் தூசி ஏறி வெளுத்திருந்தது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அவருக்குக் கோபம் வந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு: மரியாதையைப் பார்க்க வேண்டும். சந்தோஷமாக இருந்தால், “பாவாயி, அந்தக் கல்ல இப்படித் தள்ளு” என்பார். மனசு சரியில்லையென்றால், “அந்தக் கல்லத் தள்ளுங்க” என்பார். “அம்மிணிங்களே, அந்தக் கல்லக் கொஞ்சம் தள்ளி வெச்சீங்கன்னா நெம்பப் புண்ணியமுங்க சாமி” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அன்றைக்கு அவர் எதிரே யாரும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம்.

எங்கள் கரட்டில் குடிசைகள் இரண்டு வரிசை. மேற்கு வரிசையில் எடப்பாடி, திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள். கிழக்கு வரிசையில் ஆத்தூர்ப் பக்கத்தார்; அவர்கள் கொஞ்சம் பேர்தான். சேலை கட்டுவது அவர்களுக்கு ஒரு விதம், எங்களுக்கு ஒரு விதம். பேச்சும் அப்படியே. சடையப்பன் முடிந்தவரை மேற்கத்தியாள் ஒருத்திக்குக் கிழக்கத்தியாள் ஒருத்தியைத்தான் சோடி போடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டோம். “ஒரே ஊர்க்காரிக ரெண்டு பேரச் சோடி போட்டா, கூடை எறங்காது, ஊர்க்கதைதான் எறங்கும். மேட்டூர்ல பத்து சீமை ஆளுங்களக் கட்டி மேச்சவன் நான். எனக்குத் தெரியாதா, போ” என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

எனக்குக் கிடைத்தவள் அஞ்சலை. அவள் புருஷன் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் இருந்தான்; எப்போதாவது வருவான். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருந்தாள். முதல் நாளே என் மேல் குறை சொன்னாள்.

“ஏன்டி, நீ என்னா கூடையத் தூக்குறியா, சாமி தேரத் தூக்குறியா? இம்மாம் நேரம்.”

“நீங்க கொஞ்சம் குனிஞ்சீங்கன்னா சுருக்கா ஏறும்.”

“தோ பாரு, நீங்க வாங்கன்னு கூப்புடாத. எனக்கு வயசான மாதிரி இருக்குது.”

“எங்க ஊட்டுல நாயக்கூட வாங்கன்னுதான் கூப்புடுவோம்.”

“அப்ப நான் நாயாடி?”

“நாயவிட ஒசரமுங்க. அதனாலதான் எட்டலைங்கறேன்.”

கூடையோடு சேர்ந்து அவள் சிரித்ததில் இரண்டு கல் கீழே விழுந்தது. அன்றிலிருந்து நாங்கள் சோடி. எங்கள் பிள்ளைகளும் ஒரே புளிய மரத்தடியில் ஒன்றாகப் புரண்டுகொண்டு கிடந்தன.

இப்படி இரண்டு வருஷம் போனது. அப்புறம் வெள்ளைக்காரர் காலத்துத் தேர்தல் ஒன்று வந்தது. தேர்தலில் நிற்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறப் பெட்டி வைத்து ஓட்டுப் போட்ட காலம் அது. எல்லோருக்கும் ஓட்டு இல்லை. வரி கட்டினால் உண்டு, எழுதப் படிக்கத் தெரிந்தால் உண்டு. பெண்பிள்ளைக்கும் எழுத்துத் தெரிந்தால் ஓட்டு என்று சொன்னார்கள். நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். எங்களில் யாருக்கு எழுத்துத் தெரியும்?

சிரித்து முடிப்பதற்குள் குடைக்காரர் வந்துவிட்டார். பச்சைப் பெட்டிக்காரருக்காக வேலை செய்யும் ஆள். பச்சைப் பெட்டிக்காரர் எந்தக் கட்சியும் இல்லாமல் தன் பணத்தில் நின்றவர்; நிலபுலன், மோட்டார் எல்லாம் உள்ளவர். குடைக்காரர் சாயங்காலம் வேலை விட்டதும் மேற்கு வரிசைக்கு வருவார். மண்ணைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லிக் கொடுப்பார். ஆண், பெண் என்று பார்க்கவில்லை. பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார்; அந்த மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெயர் எழுத என்ன எழுத்து வேண்டுமோ அதுவரைக்கும்தான் அவர் பாடம். எனக்கு என் பெயரில் உள்ள எழுத்துகள் வந்தன. முதல் தடவை ‘பாவாயி’ என்று மண்ணில் எழுதியபோது, அதை மிதிக்காமல் இருக்க எல்லோரையும் சுற்றிப் போகச் சொன்னேன்.

எழுத்தோடு வேறொன்றும் சொல்லிக் கொடுத்தார்.

“உங்க பக்கத்து ஆளுங்க எத்தன பேரு வேலையில்லாம ஊர்ல ஒக்காந்திருக்காங்க, தெரியுமுங்களா? அந்த எடத்துலயெல்லாம் ஆத்தூர்க்காரங்க. அவுங்க நீலப் பெட்டிக்காரன் கூட ஒரே கட்டு. அவன் செயிச்சா தெக்குக் குழி பூரா அவுங்களுக்குத்தான். நம்ம அய்யா செயிச்சா, தெக்குக் குழி நமக்கு, கெழக்கு வரிசையே இருக்காதுங்க.”

தெற்குக் குழி என்பது தண்டவாளத்துக்கு ஒட்டின குழி. அங்கே சுமந்தால் பாதி நடைதான். அந்தக் குழி யாருக்கு என்பதில் எல்லோருக்கும் ஒரு கண் உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார் மனிதர். ஆளுக்கொரு பச்சைச் சீட்டைக் கொடுத்து வாசற்கதவில் ஒட்டச் சொன்னார். கிழக்கு வரிசைப் பக்கம் இனிமேல் போகவேண்டாம், அங்கே அடிதடிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்றார்.

பத்து நாளில் எல்லாம் மாறிவிட்டது. முதலில் தண்ணீர்ப் பானை இரண்டானது. பிறகு எங்கள் வரிசைப் பெண்கள் சடையப்பனிடம் போய், எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பெண்தான் சோடி வேண்டும் என்று நின்றார்கள். கிழக்கு வரிசையாரும் அதையே கேட்டார்கள். சடையப்பன் வெற்றிலையைத் துப்பினார். தலைப்பாகையைக் கழற்றி உதறினார்.

“ஆகட்டுமுங்க தாய்மாருங்களே. உங்க சித்தம் எதுவோ அப்படியே பண்ணிக்குங்க சாமி. நான் யாருங்க கேக்கறதுக்கு?”

அத்தனை மரியாதையை அவர் வாயில் நாங்கள் கேட்டதே இல்லை. நாங்கள் பயந்திருக்க வேண்டும், ஆனால் ஜெயித்துவிட்டோம் என்று எங்கள் பெண்கள் நினைத்தார்கள்.

அஞ்சலையும் நானும் மட்டும் எதையும் கேட்கவில்லை. ஆனால் யார் எங்களைக் கேட்டார்கள்? என்னை எங்கள் ஊர் நல்லாயியோடு போட்டுவிட்டார்கள். கிழக்கு வரிசையில் பெண்கள் ஒற்றைப்படை. ஒருத்தி மிஞ்ச வேண்டும். ‘மேக்கத்தியாளோட கொஞ்சிக்கிட்டிருந்தவ’ என்று அஞ்சலையை மிச்சமாக விட்டுவிட்டார்கள். யாருக்குக் கை ஒழிகிறதோ அவளிடம் கெஞ்சித்தான் அவள் கூடை ஏற்ற வேண்டும். அஞ்சலை கெஞ்சுகிறவள் இல்லை.

அன்றைக்கு நான் கூடையோடு சரிவில் பாதி ஏறியிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அஞ்சலை நிரம்பிய கூடையை இடுப்பு உயரப் பாறை ஒன்றின் மேல் எப்படியோ புரட்டி வைத்து, கீழே குந்தி, தலையைக் கொடுத்து எழுந்திருக்கப் பார்க்கிறாள். அது செய்யக்கூடாத வேலை. பாறையின் மேல் கூடை சுழலும். நான் மேலிருந்து “இரு, வாரேன், இரு” என்று கத்தினேன். என் தலையில் சுமை. இறக்கி வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். நடுவழியில் கூடையைக் கொட்டுவது எங்கள் கரட்டில் பெரிய அவமானம். கொட்டியவளை ஒரு மாசத்துக்குக் கேலி செய்வார்கள். நான் அப்படியே தலையைச் சாய்த்துக் கொட்டிவிட்டு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் அவள் கூடை சரிந்து, கல் எல்லாம் வலது பாதத்தின் மேல் இறங்கிவிட்டது.

நான்தான் கல்லை அள்ளி எறிந்து காலை வெளியே எடுத்தேன். அவள் அழவில்லை. “கொட்டிட்டியாடி? ஊரே சிரிக்கும்டி உன்ன” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மற்றவர்கள் ஓடிவந்து பார்த்தபோது, கீழே விழுந்து கிடந்தவள் கிழக்கத்தியாள். அவள் பக்கத்தில் நின்றவள் மேற்கத்தியாள். அது போதாதா? பாவாயி தள்ளிவிட்டாள் என்று பொழுது சாய்வதற்குள் கிழக்கு வரிசை முழுக்கப் பேச்சு. எங்கள் வரிசையில் குடைக்காரர், “பழி வாங்க வருவாங்க, கதவத் தாழ் போட்டுக்குங்க” என்றார். என் வீட்டுக்காரர் கடப்பாரையைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். நான் அதை எடுத்து வெளியே போட்டேன். “அஞ்சலையோட புள்ளைக ரெண்டும் நம்ம ஊட்டுக்குள்ள கெடக்குதுக. இதுக வந்தா அடிக்கப் போறீங்க?” என்றேன். அம்மா விழுந்த உடனே அந்தப் பிள்ளைகள் நேராக என் வீட்டுக்குத்தான் வந்திருந்தன. அவற்றுக்கு எந்த வரிசையும் தெரியாது.

மறுநாள் ஆபீசில் இருந்து சேதி வந்தது. சண்டை போடுகிற இரண்டு கூட்டத்தை வைத்து வேலை வாங்க முடியாது. வேலையும் பாதியாகக் குறைந்துவிட்டது. தேர்தல் முடிந்ததும் ஆள் குறைவான கிழக்கு வரிசையைக் காலி பண்ணச் சொல்லப் போகிறோம் என்று மானேஜர் சடையப்பனிடம் சொல்லிவிட்டார். எங்கள் வரிசையில் சிலர் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு அஞ்சலையின் கால்தான் கண்ணில் நின்றது. கட்டுப் போட்ட காலோடு, இரண்டு பிள்ளைகளோடு, குடிசையும் இல்லாமல் அவள் எங்கே போவாள்? ஆத்தூர்ப் பக்கம் அவளுக்கு வீடு என்று ஒன்று இருந்தால் அவள் ஏன் இங்கே வருகிறாள்?

ராகிக் கூழைச் சட்டியில் ஊற்றிக்கொண்டு, பட்டப்பகலில், இடுப்பில் அவள் சின்னவளோடு கிழக்கு வரிசைக்குள் போனேன். வாசலில் நின்ற பெண்கள் வழி விடவில்லை.

“தள்ளிவிட்டுட்டு இப்ப கூழு ஊத்த வந்துட்டா பாரு.”

“கூழு ஆறிப்போகுமுங்க. வையறத அப்பறம் வையுங்க” என்றேன். இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்துத்தான் வழி விட்டார்கள்.

அஞ்சலையின் கதவைத் தள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கதவில் பச்சைச் சீட்டு. என் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த அதே சீட்டு. அடுத்த கதவைப் பார்த்தேன், அதிலும் பச்சை. அந்த வரிசை முழுக்கப் பச்சை. நீலம் ஒன்றுகூட இல்லை.

உள்ளே போய்க் கூழை வைத்தேன். வெளிச்சத்தில் வைத்துக் கட்டைப் பார்க்க வேண்டும், வாசலுக்கு வா என்றேன். நடக்க முடியாதே என்றாள். குனிந்து, கூடை தூக்குவது போல இரண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்கினேன். பழையபடி எங்கள் முகம் இரண்டும் ஒரு சாண் நெருக்கத்தில் வந்தது.

“அஞ்சல, உங்களுக்கு ஓட்டுக் கேட்டு வந்தது யாரு?”

“கண்ணாடி போட்டுக்கினு ஒருத்தரு. பேரு எழுதச் சொல்லிக் குடுத்தாரு. நல்ல மனுசன்டி.”

“என்ன சொன்னாரு?”

“என்னாத்த சொன்னாரு… மேக்கத்தி ஆளுங்க பூரா நீலப் பெட்டி, அவங்க செயிச்சா எங்கள ஊரவுட்டே ஓட்டிடுவாங்க, அவரு அய்யா செயிச்சா தெக்குக் குழி எங்களுக்குன்னாரு.”

“அவரு அய்யா எந்தப் பெட்டி?”

“பச்சைடி. கதவுல பாக்கல?”

“எங்களுக்கும் பச்சதான் அஞ்சல. ஒரே மனுசன்தான். எங்களுக்குக் குடைய அனுப்பியிருக்கான், உங்களுக்குக் கண்ணாடிய அனுப்பியிருக்கான்.”

அவள் என் கழுத்தைப் பிடித்தபடியே யோசித்தாள். முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். சிரிப்புதான் வந்தது. முதலில் அவளுக்கு, பிறகு எனக்கு. சிரித்ததில் அவளைக் கீழே போட்டிருப்பேன். வாசலில் காது கொடுத்துக்கொண்டிருந்த கிழக்கு வரிசைப் பெண்களில் ஒருத்தி, “நெசமாவா?” என்று கேட்டாள். “எங்க வரிசைக்கு வந்து கதவப் பாருங்க” என்றேன். நாலு பேர் என்னோடு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் அங்கேயே எங்கள் பானையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

சடையப்பனிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அஞ்சலையத் தூக்கிட்டு வா. ஆபீசுக்குப் போலாம்” என்றார். ‘வா’ என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஆபீஸ் வாசலில் அஞ்சலையைக் கயிற்றுக் கட்டிலோடு இறக்கினோம். யார் தள்ளியது என்று மானேஜர் கேட்டார். “யாரும் தள்ளலைங்க சாமி. தூக்கிவுட ஆள் இல்லாம நானே தூக்கப் பாத்தன். தூக்கிவுட ஆள் இருந்த வரைக்கும் எனக்கு ஒரு கல்லு விழுந்தது இல்ல” என்றாள். சடையப்பன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பழையபடி சோடி போட விட்டால் ஒரு வாரத்தில் பழைய வேலையைக் காட்டுகிறேன், காட்டாவிட்டால் முதலில் என்னை அனுப்புங்கள் என்றார். மானேஜர் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த வாரத்துக்குள்தான் பச்சைப் பெட்டிக்காரரே கரட்டுக்கு வருவதாக இருந்தது. காலையில் மேற்கு வரிசை, பிற்பகல் கிழக்கு வரிசை என்று ஏற்பாடு. நாங்கள் பெண்கள் கூடிப் பேசி அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சுருக்கிவிட்டோம். மோட்டார் வந்து நின்றபோது இரண்டு வரிசையும் ஒன்றாக, சோடி சோடியாக, மேற்கத்தியாள் பக்கத்தில் கிழக்கத்தியாள் நின்றோம். அஞ்சலை கட்டிலில் எல்லோருக்கும் முன்னால். ஒரே தட்டில் ஆரத்தி. தட்டின் ஒரு பக்கத்தை நான் பிடித்தேன், மறுபக்கத்தை நல்லாயிக்குச் சோடியாக வந்த கிழக்கத்தியாள் பிடித்தாள்.

குடைக்காரரும் கண்ணாடிக்காரரும் மோட்டாரின் இரண்டு பக்கத்தில் இருந்து இறங்கினார்கள். எங்களைப் பார்த்ததும் குடைக்காரர் வெயிலே இல்லாமல் குடையை விரித்தார்.

ஆரத்தியைச் சுற்றிவிட்டு நான் கேட்டேன். “அய்யா, தெக்குக் குழி யாருக்குங்க? ஏனுங்க, எங்க ரெண்டு வரிசைக்குமே தர்றதா உங்க ஆளுக சொல்லியிருக்காங்க. ஒரு குழிதானுங்க இருக்குது.”

“என்னய ஓட்டறேன்னு அந்த மேக்கத்தியாள்கிட்டச் சொன்னீங்களாமே,” என்று அஞ்சலை கட்டிலில் இருந்தபடி கேட்டாள், “எப்ப ஓட்டுவீங்க? கட்டு அவுத்தப்புறம்னா சௌகரியமா இருக்கும்.”

அவர் லேசான ஆள் இல்லை. முகம் ஒரு நொடிதான் மாறியது. கையைக் கூப்பினார். மேற்கு, கிழக்கு எல்லாம் தன் இரண்டு கண் என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். எங்கள் இரண்டு கூட்டத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பழக்கம் விடவில்லை.

“உங்களுக்கு வரப்போற ஆபத்து எது தெரியுமா? மேட்டூர்ல கட்டு வேலை முடிஞ்சு போச்சு. அங்க இருந்த கூட்டம் எல்லாம் இப்ப எங்க வரப்போகுது? இங்கதான். உங்க கடப்பாரையப் புடுங்க வர்றாங்க. அவங்கள இந்தக் கரட்டு மேல காலு வெக்க விடமாட்டேன்.”

எல்லோரும் சடையப்பனைப் பார்த்தார்கள். அவர் மெல்ல முன்னால் வந்தார். தலைப்பாகையைக் கழற்றினார். அவ்வளவு தாழ்வாக அவர் கும்பிட்டு நாங்கள் பார்த்ததில்லை.

“அய்யா சொன்னா அது சரியாத்தானுங்க இருக்கும். அந்த மேட்டூர்க்காரங்க நெம்ப மோசமுங்க. நானே அங்கிருந்து வந்தவனுங்க. இந்தா நிக்கறான் பாருங்க மாரப்பன், அவனும் மேட்டூருங்க. இந்தக் கூட்டத்துல பாதி மேட்டூருங்க. வந்து மூணு வருசமாச்சுங்க. நாங்க இப்ப எறங்கிப் போயிடலாமுங்களா சாமி, இல்ல அய்யா பேசி முடிச்சதும் போகலாமுங்களா?”

நல்லாயிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கடப்பாரை பிடித்த ஆண்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். மோட்டார் ஓட்டுகிறவன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். பச்சைப் பெட்டிக்காரர் மோட்டாரில் ஏறிவிட்டார். அவசரத்தில் கண்ணாடிக்காரரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர் நடந்துதான் போனார். போகும்போது எங்கள் பானையில் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம்.

அந்த வாரம் கூடைகள் பழையபடி ஏறின. மானேஜர் அம்பாரத்தைப் பார்த்துவிட்டுக் கிழக்கு வரிசையைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. அஞ்சலையைச் சடையப்பன் உட்கார்ந்து கொத்தும் வேலைக்கு மாற்றினார். கல்லை நான் கொண்டுபோய் அவள் முன்னால் கொட்டினேன். கால் ஆற மூன்று மாதம் ஆனது. அதுவரை அவள் பிள்ளைகள் என் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தன. ஆறிய பிறகும் அவை திரும்பிப் போகவில்லை. என் பிள்ளைகள் அவள் வீட்டுக்குப் போய்விட்டன. எந்தப் பிள்ளை எந்த வீட்டில் என்று இருட்டியதும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம், அவ்வளவுதான்.

ஓட்டுப் போட எழுத்துத் தெரிந்தவர்கள் ஒன்றாக நடந்து போனோம். யார் எந்தப் பெட்டியில் போட்டோம் என்று இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டதில்லை. பச்சைப் பெட்டிக்காரர் தோற்றார். எங்கள் ஓட்டால் தோற்றார் என்று நான் சொல்ல மாட்டேன். சடையப்பன் அப்படித்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சில வருஷம் கழித்து அடுத்த தேர்தலில் அதே குடைக்காரர் வேறொரு நிறத்தோடு வந்தார். குடையும் புதிது. “வாங்க, பாதிப் பாடத்துல போயிட்டீங்களே, மிச்ச எழுத்த எப்பச் சொல்லித் தருவீங்க?” என்று கேட்டேன். தெரியாதவர் போலப் போய்விட்டார்.

மிச்ச எழுத்தை அவர் சொல்லித் தரவில்லை. என் பெயரில் இருந்தவை எனக்குத் தெரியும், அஞ்சலையின் பெயரில் இருந்தவை அவளுக்குத் தெரியும். கூடை தூக்கிவிடும்போது அவள் எனக்கு ஒன்று கொடுத்தாள், நான் அவளுக்கு ஒன்று கொடுத்தேன். மற்றவற்றை மற்றப் பெண்களிடம் வாங்கினோம். இந்தக் கட்டுரை எழுதியிருப்பது அப்படி இரண்டு வரிசையிலும் வாங்கிய எழுத்தில்தான். அதனால் பெண்களே, சங்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப் போவதில்லை. எதிர்ப் பக்கத்துப் பெண்கள் வீட்டுக் கதவை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அது போதும்.

எழுதி முடித்துவிட்டேன். அஞ்சலை காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். கண் மங்கிப்போனதால் தானே படிக்க முடியாமல், தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று நாலு நாளாக உயிரை எடுக்கிறாள். பேத்தியைக் கூப்பிட்டுவிட்டேன். இங்கே வா சாமி, இதை முதலில் இருந்து படி. எனக்குப் படிக்க வேண்டாம், அவள் பக்கம் திரும்பிப் படி. அவளுக்கு இடது காது மந்தம். அந்த ஆறு பிள்ளைகள் வருகிற இடத்தைக் கொஞ்சம் சத்தமாகப் படி. சண்டைக்கு வரட்டும்.